தண்ணீர் வைத்த வழி

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் புறப்பட்டு, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வங்களாவடி என்று ஓடி, ஊர்காவற்றுறைத் துறையைத் தொட்டுத் திரும்பினால் கிட்டத்தட்ட ஒரு முழு மரதன் தூரம் வந்துவிடும். தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்த காலம் முழுவதும் அந்த வீதியில்தான் பிள்ளைகளை ஓடவிட்டேன். முழுத் தூரமும் இல்லை, வயதுக்கேற்ப அதில் ஒரு துண்டு. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல் மரதன் ஓட்டம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்னுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், நடுவில் பெடியள், கடைசியில் நானும் என் சைக்கிளும்.

அந்த வீதியில் எந்தப் பிள்ளையும் தூரத்துக்குத் தோற்று நான் காணவில்லை. தோட்டத்துக்கும் கடலுக்கும் நடந்து வளர்ந்த கால்கள் அவை. வெயிலில் ஓட்டம் நிற்கும் இடமும் தொடரும் இடமும் தண்ணீரைப் பொறுத்தவை. எங்கள் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தீவகத்து வீதிகளின் பழைய வரலாற்றைத் துருவிப் பார்த்தால், வழிப்போக்கனுக்குத் தண்ணீர் எங்கே வைப்பது, யார் வைப்பது, யாருக்கு வைப்பது என்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. அடியில் சுண்ணக்கல், ஓரத்தில் மணல், நாலு பக்கமும் உப்புக்கடல். மாரியில் பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, உள்ளே பரவியிருக்கும் கடல் நீருக்கு மேலே, பாலில் ஆடை படிவதைப் போலத் தங்கிவிடுகிறது. நன்னீர் உவர்நீரை விடச் சற்றுக் கனம் குறைந்தது என்பதால்தான் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே பல முழம் உப்பு ஏறிவிடும். துலாவால் இறைத்தவரைக்கும் கிணறு தாங்கியது. இயந்திரம் வைத்து ஒரே நாளில் உறிஞ்சினால் அடுத்த நாளே தண்ணீர் கரிக்கும்.

ஆகவே நல்ல தண்ணீர் உள்ள இடத்தின் பெயரை ஊர் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தது. வேலணையில் சாட்டி. அந்த மணற் பகுதியின் கிணறுகள்தான் தீவகத்தின் பல ஊர்களுக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தந்தவை. நெடுந்தீவில் சாறாப்பிட்டி. மற்ற இடங்களில் மணலைத் தோண்டிப் பூவல் எடுத்து, ஊறி வரும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் அள்ளிக் குடத்தில் வார்த்தார்கள். ஒரு குடம் நிறைய அரை நாள் காத்திருந்த பெண்கள் எங்கள் அம்மாமார். தண்ணீரின் விலை அவர்களுக்குத் தெரிந்ததைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

இந்த வறண்ட தீவுகளுக்கு ஊரார் அல்லாத கால்கள் வரத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தரவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்றப் பண்டங்கள் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி என்றும் வகுக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. துறைமுகத்துக்கு வந்திறங்கியவர்களுக்கும் அவர்களின் விலங்குகளுக்கும் முதல் தேவை தண்ணீராகத்தானே இருந்திருக்கும்!

பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள். வேலணைத் தீவுக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்று தங்கள் ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வன்னியில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து, இந்திய வணிகருக்கு விற்று, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். ஆனையிறவின் உப்பு வெளியைக் கடந்துவந்த அந்த விலங்குகளை நினைத்துப் பாருங்கள். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நெடுந்தீவிலோ குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அந்த வளர்ப்பைத் தொடர்ந்து நடத்தினார். லாயங்களின் கற்றூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் தீவின் தென்பகுதி வெளியில் கூட்டமாகத் திரிகின்றன. வறட்சி ஆண்டுகளில் அவை தண்ணீரின்றிச் செத்துக் கிடக்கும். காற்றைப் போல ஓடக்கூடிய விலங்கை வீழ்த்தத் தண்ணீர் இல்லாமை ஒன்றே போதும்.

மனிதர் நடந்த வழிகளுக்கு யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் நாலு பொருள் செய்துவைத்தார்கள்: மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி. மடம் நடந்தவனுக்கு நிழல். கேணி அவனுக்கும் அவன் மாட்டுக்கும் தண்ணீர். ஆவுரஞ்சிக்கல் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள. சுமைதாங்கி, தலைச்சுமையை இன்னொருவர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஆளுயரத்தில் நாட்டிய கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடத்தை இன்றும் பார்க்கலாம். இவை நாலும் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரு நடையாளி இளைப்பாறி, உடம்பு ஆறி, தாகம் தீர்ந்து, சுமையை மீண்டும் தூக்கிக்கொண்டு போகலாம். இன்றைய நெடுந்தூர ஓட்டங்களின் நீர் நிலையங்களில் இருப்பவற்றை எடுத்துப் பாருங்கள்: நிழல், நீர், குளிர்ந்த துவாய், முதலுதவி. எங்கள் சந்திகளில் கல்லால் கட்டிவைத்தவையே அவை.

இந்த நாலும் நிலையானவை. கோடைக்கும் திருவிழாவுக்கும் என்று தனியாக வந்து போவது தண்ணீர்ப் பந்தல். தமிழருக்கு இது மிகப் பழைய அறம். திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்ணாலும் காணாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. தண்ணீர் வார்ப்பவருக்கும் பானை கொடுக்கும் குயவருக்கும் அதில் பங்கு ஒதுக்கினார்கள். புண்ணியம் என்று சொல்லி ஒருவரைச் சும்மா வேலைவாங்காமல், கூலியும் வைத்து நடத்திய ஏற்பாடு அது. தண்ணீரோடு சோறும் சேர்ந்த அறம் இது. மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். மணிமேகலைக்குக் கிடைத்த, சோறு குறையாத அமுதசுரபியின் பெயர் அங்கே அன்னதான மண்டபத்துக்கு வைக்கப்பட்டிருப்பது அந்த நம்பிக்கையால்தான்.

ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறும். பாலங்கள் வருவதற்கு முன் அடியார்கள் வேலணையிலிருந்து ஆழமில்லாத கடலைக் கடந்து, புங்குடுதீவை நடந்து முடித்து, வள்ளம் ஏறினார்கள். இப்போது வாணர் பாலம் இருக்கிறது. குறிகட்டுவான் வரை பஸ் போகிறது. அப்படியிருந்தும் நேர்த்திக்கு நடந்து வருவோர் இன்னும் உண்டு. தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் காலம் அது. பாலத்தின் இரு புறமும் கடல் பளபளத்து, மேலேயிருந்து வரும் வெயிலைக் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். ஒரு மரம் கிடையாது.

அந்த நாட்களில் வீதியோரத்தில் வைக்கும் பந்தலொன்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். விடியப் புறமே நாலு பூவரசங் கம்பு நாட்டி, கிடுகு வேய்ந்து, வெயில் படும் பக்கம் ஒரு தட்டி கட்டுவார்கள். மணலைக் குவித்து நனைத்து அதன்மேல் மண்பானைகளை இருத்தி, ஈரச் சாக்கால் சுற்றுவார்கள். சோளகம் சாக்கில் பட்டுப் பட்டு, பானைத் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். ஒரு கிடாரத்தில் மோர். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, உப்பு, இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை நறுக்கிப் போட்டு, தேசிக்காய்ப் புளி விடுவார்கள். இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். மூன்றாவதில் ஊறுகாய்த் தண்ணி: உப்பிலிட்டு வெயிலில் காயவைத்த தேசிக்காயைப் பிசைந்து கரைத்தது. வெயிலில் வந்தவன் முகத்தைப் பார்த்து எதைக் கொடுப்பதென்று வார்க்கிற ஆச்சி முடிவு செய்வார். கால் குரக்கை பிடித்து நொண்டி வருபவனுக்கு ஊறுகாய்த் தண்ணி. கண் இருண்டு நிற்பவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர். “ஒரே மூச்சிலை குடியாதை ராசா, தொண்டையை நனைச்சுப்போட்டு ஆறியிருந்து குடி” என்பார்.

அந்த மூன்று கிடாரங்களிலும் இருப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள்: தண்ணீர், உப்பு, சர்க்கரை, புளிப்பு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வாய்வழி நீரூட்டக் கரைசலில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் சிறிது பொற்றாசியமும் சித்திரேற்றும் உண்டு. நாங்கள் ஜீவனி என்று வாங்கும் பக்கற்றும் அந்த வகைதான். வியர்வையோடு உப்பும் போகிறது என்பதை ஆச்சிக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. வெறும் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் செறிவு குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை ஓட்ட உலகம் உணர்ந்தது கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான்.

இந்த அறத்துக்குள் ஒரு பெரிய அநீதியும் இருந்தது. அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கப்படவில்லை. மூக்குப்பேணி என்ற அழகான வெண்கலப் பாத்திரத்தைத் தூக்கி அண்ணாந்து குடித்தவர்கள் இருந்தார்கள். பனையோலைப் பிளாவிலும் கையேந்தியும் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு ஊர்க் கிணற்றில் வாளி விடும் உரிமை கிடையாது. யாராவது வந்து அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. பனையேறி, நாள் முழுக்க வெயிலில் உழைத்து, ஊருக்கே கருப்பநீர் இறக்கிக் கொடுத்தவர்களுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை. 1957இல் சாதியின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்தது. கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே ஒரு நாவலுக்குப் பெயர் வைத்தார். அந்த நடைகளும் எங்கள் வீதிகளின் வரலாறே. என் பள்ளிக்கூட மரதனில் ஒரே வாளியில் ஒரே பேணியால் எல்லாப் பிள்ளைகளும் குடித்ததைப் பார்த்தபோதெல்லாம் அதற்காக நடந்தவர்களை நான் நன்றியோடு நினைத்தேன்.

மரதன் ஓட்டம் எங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. 1896இல் ஏதென்சில் முதலாவது ஒலிம்பிக் மரதனை வென்ற ஸ்பிரிடன் லூயிசின் தொழில் தண்ணீர் சுமந்து விற்பது. ஆனால் அந்த விளையாட்டை நடத்தியவர்கள் தண்ணீரின் அருமையை மிகத் தாமதமாகத்தான் கற்றார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மரதன் ஓகஸ்ட் மாதப் பின்னேரம், 32 பாகை வெப்பத்தில், புழுதி வீதியில் நடந்தது. வழியில் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டுதான். நீரில்லாமல் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க நடத்துநர் விரும்பினார். ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். 1912இல் ஸ்டொக்ஹோமில் இன்னொரு கொடிய வெயில். போர்த்துக்கல்லின் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் விழுந்து மறுநாள் இறந்தார். அதே ஓட்டத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி மயங்கித் தள்ளாடி வழியோர வீடொன்றில் ஒதுங்கினார். அங்கிருந்தவர்கள் அவருக்குப் பழச்சாறு கொடுத்து ஆற்றினார்கள். அவர் 1967இல் திரும்பிப் போய், விட்ட ஓட்டத்தை முடித்தார். அவரைக் காத்தது அந்த வீட்டுக்காரர் வைத்த தண்ணீர்ப் பந்தல் என்றே நான் சொல்வேன். அதற்குப் பிறகும் 1950களின் உலக விதிகள், முதல் 15 கிலோமீற்றர் வரை ஓடுபவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாதென்றன. தண்ணீர் குடிப்பது பலவீனம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

உடம்பின் கணக்கு எளிமையானது. ஓடும்போது நாம் எரிக்கும் சக்தியில் கால்பங்கு வரைதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சம் முழுவதும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வெயில் காலத்தில் உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை உலர்வதுதான். வடிந்து நிலத்தில் விழும் வியர்வையால் பயனில்லை. கடலோரத்து ஈரக்காற்றில் அது உலராது. அதனால்தான் எங்கள் 33 பாகை, பாலைவனத்தின் 38 பாகையை விடக் கொடுமையாகிவிடுகிறது. 2019இல் தோகாவில் உலகச் சாம்பியன் போட்டியின் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அந்த ஈரப்பதத்தில் ஓடிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. சூரியன் இல்லாததால் மட்டும் வெக்கை குறைந்துவிடாது.

பண்ணைப் பாலத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. சோளகக் காலத்தில் தீவுப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். கால் கனக்கும், ஆனால் உடம்பு ஆறும். திரும்பி வரும்போது காற்று முதுகில். பிள்ளைகள் மகிழ்ந்து வேகம் எடுப்பார்கள். அவர்கள் ஓடும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட, உடம்பைச் சுற்றிக் காற்று அசையாது. வியர்வை உலராமல் சூடு ஏறும். விழுகிற பிள்ளை அங்கேதான் விழும். நான் எப்போதும் திரும்பும் பாதையிலேயே தண்ணீர் வாளிகளை நெருக்கமாக வைத்தேன்.

ஒரு முறை போட்டி பங்குனிக்குத் தள்ளிப்போனது. அல்லைப்பிட்டிப் பக்கம் ஒரு பெடியன் வீதியில் கோணல்மாணலாக ஓடினான். பெயரைக் கேட்டேன், தன் இல்லத்தின் பெயரைச் சொன்னான். தோல் நெருப்பாகச் சுட்டது. வெயில் மூளையைத் தொட்டுவிட்டது என்பதன் அடையாளம் இந்தத் தடுமாற்றமே. உடம்பின் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். பக்கத்து வளவிலிருந்து ஓடிவந்த ஒரு பெண் எதையும் கேட்கவில்லை. அவனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாளி வாளியாக அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார். “முதல்ல ஆத்துங்கோ மாஸ்ரர், பிறகு ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலாம்” என்றார். இன்றைய விளையாட்டு மருத்துவத்தின் முதல் விதியும் அதுதான்: முதலில் குளிர்வி, பிறகு கொண்டு போ. முதல் அரை மணி நேரத்தில் சூட்டை இறக்கினால் பெரும்பாலும் உயிர் தப்பும். அந்தக் கிணறு அங்கே இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. பிள்ளை தப்பினான்.

1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானது. போர் வர, வேலணையும் புங்குடுதீவும் ஊரோடு எழுந்து போயின. இறைக்காத கிணறுகள் தூர்ந்தன. கேணிப் படிகளில் ஆலங்கன்று முளைத்தது. கிடுகு வேய்ந்து பந்தல் போட்ட கைகள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டன. திரும்பி வந்தவர்கள் கோயில்களைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன. பக்கத்தில் உள்ள கேணிக்குள் பிளாஸ்டிக் போத்தல் மிதக்கிறது. வீடுகளுக்குப் பவுசரில் தண்ணீர் வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாட்டுக் கழகங்கள் மரதன் வைக்கின்றன, ஆண்டின் மிக வெக்கையான மாதங்களில் ஒன்றில்.

ஓட்டம் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகள் ஓட வேண்டும். அந்த வீதி அவர்களுடையது. ஓட்டம் வைக்கும் கழகங்களிடம் கேட்பதெல்லாம் பழைய நாலு பொருளும் ஒரு பந்தலும்தான். விடிய ஐந்து மணிக்கே தொடங்குங்கள். இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் வையுங்கள், திரும்பும் வழியில் அதைவிட நெருக்கமாக. மோரும் ஊறுகாய்த் தண்ணியும் கரையுங்கள். ஓடுபவர்களை அதற்கு முன் இரண்டு கிழமையாவது வெயிலில் மெல்லமெல்லப் பழக்குங்கள். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீரும், பெயர் கேட்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருந்து கோயிலுக்குப் பணம் அனுப்பும் எங்கள் ஊரவரிடம் கேட்பது இன்னொன்று. அடுத்த திருப்பணிக் காசில் ஒரு பங்கை, உங்கள் ஊர் வீதியில் தூர்ந்து கிடக்கும் ஒரு கேணிக்கு ஒதுக்குங்கள். தூர்வாரி, படிகட்டி, மழைநீர் இறங்க வாய்க்கால் வெட்டிவிட்டால், அது மாரியில் நிறைந்து நிலத்துக்குள் நன்னீரை இறக்கும். சுற்றியுள்ள கிணறுகள் கரிப்பது குறையும். அந்தக் கேணியில் யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்று கல்லில் எழுதி நாட்டுங்கள். சோழர் காலத்திலிருந்து தமிழர் செய்துவந்த அறத்தில் விடுபட்டுப்போன வரி அதுதான். அதைச் சேர்த்து எழுதும் கடமை எங்கள் தலைமுறையுடையது.